பொடிசுக்குத் தைத்த பருவங்கள்

கண்டக்டர் வீட்டுக்குள் பருவம் எதுவும் வருவதில்லை. வெயில்காலம் வாசற்படிவரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மழை இடது பக்கத்து அடுக்குமாடியிலும் வலது பக்கத்து அடுக்குமாடியிலும் கொட்டோ கொட்டென்று கொட்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இந்த ஓட்டு வீட்டின் கூரை மட்டும் தூசிகூடக் கலையாமல் கிடக்கும். பனிக்காலத்தில் தெருவே போர்வைக்குள் முடங்கியிருக்க, அந்த வீட்டுக்காரர் கையில்லாத பனியனோடு உட்கார்ந்து டீ குடிப்பார். ஜன்னலோரத் தொட்டியிலிருந்த ரோஜாச்செடியில் ஒரு மொட்டு விரியவும் இல்லை, உதிரவும் இல்லை. வருடக்கணக்காக அப்படியே நின்றது. அங்கே பால் திரிவதில்லை. வெட்டி வைத்த எலுமிச்சை காய்வதில்லை. இதைத் தெரிந்துகொண்ட அக்கம்பக்கத்தார் வெளியூர் போகும்போது மீந்த பாலையும் பழத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மருந்துக் கடைக்காரர் ஒரு பெட்டி மாத்திரையை, காலாவதித் தேதி தாண்டாமலிருக்க, அங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். கண்டக்டரின் மனைவி முடியாது என்று சொல்லிவிட்டாள்.

இது ஆரம்பித்தது வலது பக்கத்துக் கட்டடத்துக்குக் கடைசி மாடி எழும்பிய அன்று. இடது பக்கத்துக் கட்டடம் முன்பே இருந்தது. அது பாதி வெயிலை எடுத்துக்கொண்டாலும் மரியாதையாக மீதிப் பாதியை விட்டு வைத்திருந்தது. வலது பக்கத்துக்காரர்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. கடைசித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த மத்தியானம், வீட்டுக்குள் இருந்த வெயில்காலம் பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பார்த்திருக்கிறார். மஞ்சளாக, அவசரமே இல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆள் மாதிரிப் போனது என்று சொன்னார். புகார் கொடுத்ததன் பேரில் நகராட்சிப் பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். இரண்டு பக்கமும் விடவேண்டிய இடைவெளி சரியாக விடப்பட்டிருக்கிறது, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தான் விதி உண்டு, பருவத்துக்கு விதி எதுவும் இல்லை என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தது இளைய மகள் மட்டும்தான். ஐந்து வயது, லேசான காய்ச்சல். கண்டக்டர் பஸ்ஸில் இருந்தார். அவர் மனைவி ரெடிமேட் சட்டை கம்பெனியில் இருந்தாள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கண்டக்டரின் அக்கா, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இஸ்திரிக்காரரிடம் ஊர்க்கதை பேசப் போயிருந்தாள். ஆகவே மற்ற எல்லோருடைய வயதும் அவரவரோடு வெளியில் இருந்து தப்பித்துக்கொண்டது. சின்னவளுடைய வயது மட்டும் வீட்டோடு சேர்ந்து நின்றுவிட்டது. காய்ச்சல் இறங்கியது, வயது ஏறவில்லை. அத்தைக்கு இதில் குற்ற உணர்ச்சி இருந்ததோ இல்லையோ, வருத்தம் நிறைய இருந்தது. தலைக்குச் சாயம் பூசும்போதெல்லாம், “அன்னிக்கு நானும் உள்ளயே இருந்திருக்கலாம். பாழாப்போன வாய் சும்மா இருந்தாத்தானே,” என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

சின்னவளை எல்லோரும் பொடிசு என்று கூப்பிட்டார்கள். முதல் வருடம் அது செல்லப் பெயராக இருந்தது. இரண்டாவது வருடம் அந்தப் பெயரைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். மூத்தவளுக்குச் சிறுத்துப்போன கவுன்கள் அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியவள் அதே பழைய பூப்போட்ட கவுனிலேயே இருந்தாள். டாக்டர் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவை சரியாகத்தான் இருக்கின்றன என்றார். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். அத்தை வீட்டில் ஒரு வெயில்காலம் முழுக்கக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். அங்கே அத்தை வீட்டுப் பூனைக்குட்டிகூட வளர்ந்து குட்டி போட்டது, இவள் வளரவில்லை. அவளுடைய வயது அந்த ஓட்டு வீட்டுக்குள் இருந்தது. ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் அது எப்படிக் கூட வரும்?

தெருவில் கூட விளையாடியவர்கள் ஒவ்வொரு வருடமும் வளர்ந்து சைக்கிளுக்கும் டியூஷனுக்கும் போய்விட்டார்கள். பொடிசு அடுத்து வந்த ஐந்து வயதுக்காரர்களோடு புதிதாகச் சிநேகம் பிடித்துக்கொண்டாள். அவர்களும் போனார்கள். அப்புறம் இன்னொரு கூட்டம். அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. தெருவில் சிலர், கொடுத்து வைத்தவள், பிள்ளை எப்போதும் மடியிலேயே இருக்கும் என்றுகூடச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக்கு அவள் அதன்பிறகு போவதில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரு வைத்த பெயர் மிச்சம். எதையும் தூக்கிப் போடமாட்டாள். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றாக அழுத்தி ஒரு முழு சோப்பு செய்வாள். கிழிந்த போர்வை தலையணை உறையாகும், உறை கிழிந்தால் பை, பை கிழிந்தால் கைப்பிடித் துணி, அதுவும் நைந்தால் விளக்குத் துடைக்கிற துணி. கம்பெனியில் அவளுக்குக் கட்டிங் செக்‌ஷன் வேலை. சட்டை வெட்டியது போகத் தரையில் விழுகிற துண்டுகளைக் கட்டிங் வேஸ்ட் என்று கூட்டித் தள்ளுவார்கள். மேஸ்திரியிடம் கேட்டு அதில் ஒரு பை அள்ளிக்கொண்டு வருவாள். கண்டக்டர் முடிந்துபோன டிக்கெட் கட்டுகளின் அடிக்கட்டையைக் கொண்டு வருவார். அவராகக் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வந்தால் என்ன கொண்டு வந்தீர்கள் என்று கேட்பாள், அதற்காகக் கொண்டு வருவார். இவற்றையெல்லாம் வைத்து அவள் கதவுத் தோரணம் செய்தாள், கால்மிதி பின்னினாள், பொம்மைக்குச் சட்டை தைத்தாள். வீட்டுக்குள் தானாக எதுவுமே மாறாதபோது, கையாலாவது எதையாவது மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

வெளியில் நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பொடிசு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடங்களில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா மழை வர மாட்டேங்குது?”

“அதுக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியலடா கண்ணு.”

“அப்ப நீ செஞ்சு குடு.”

பொம்மை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அம்மாவும் பொம்மை செய்கிற மாதிரிதான் உட்கார்ந்தாள். காலி மாத்திரை அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. வெள்ளியாக மின்னுகிற அந்தத் தகட்டைத் துளி துளியாக வெட்டினாள். பிரித்த சட்டைத் தையலிலிருந்து உருவி வைத்திருந்த நூலில் துளிகளைக் கோத்து, திரைச்சீலைக் கம்பியிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஜன்னலுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. கூரைமேல் ஏறிப் பார்த்தார் கண்டக்டர், ஓடெல்லாம் காய்ந்து கிடந்தன. சமையலறையில் மண்வாசனை அடித்தது. மத்தியானத்துக்குள் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் சன்னமாக, ஒழுங்காக, சத்தமில்லாமல் மழை பெய்ய ஆரம்பித்தது. வாளி வைத்தார்கள். ரோஜா மொட்டு ஓர் இதழ் விரித்தது. சாயங்காலம் பொடிசு வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டே வந்து, “அம்மா, பல்லு ஆடுது,” என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணியை யாராலும் நிறுத்த முடியவில்லை. மழை போனால் பனி வர வேண்டும், பனி போனால் வெயில், வெயில் போனால் காற்று, அப்போதுதான் ஒரு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியின் வெட்டுத்துண்டுகளையும் நைந்த தலையணைப் பஞ்சையும் வைத்துப் பனிக்காலம் செய்தாள். அந்த மாதங்களில் வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது, கண்டக்டர் முதல்முறையாக ஸ்வெட்டர் தேடினார். பிஸ்கட் டப்பா மூடிகளையும் மஞ்சள் சட்டைத் துண்டுகளையும் வைத்து வெயில்காலம் செய்தாள். வடகம் போடலாம் போலிருக்கிறதே என்று அத்தை சொல்கிற அளவுக்குக் கூடத்தில் வெயில் காய்ந்தது. டிக்கெட் அடிக்கட்டைகளை நீளநீளமாகக் கிழித்துக் கயிற்றில் கட்டிக் காற்றுக்காலம் செய்தாள். காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது, மூத்தவளின் நோட்டுத்தாள்கள் வீடு முழுக்கப் பறந்தன. கம்பெனி விட்டு வந்ததும் கத்தரியோடு உட்காருவாள். கை வலித்தால் கையை உதறிவிட்டு மறுபடியும் வெட்டுவாள். சமைக்க மறந்த நாட்களில் கண்டக்டர் கடையில் வாங்கி வந்தார். அந்த வருட முடிவில் பொடிசுக்கு முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்திருந்தன. அக்காவின் கவுன் ஒன்று அளவாக உட்கார்ந்தது. ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆறு வயது என்று டாக்டரே தன் வாயால் சொன்னார்.

இங்கேதான் அவள் தவறு செய்தாள். வேறு எந்த வீட்டிலும் யாரும் செய்ய முடியாத தவறு அது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அந்த அலங்காரத்தை அலுங்காமல் இறக்கி, தூசி தட்டி, நூல் சிக்காமல் அட்டையில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். நன்றாக இருப்பதை யாராவது எறிவார்களா? அடுத்த மழை தொடங்கியபோது அதே மழையை எடுத்து அதே கம்பியில் மாட்டினாள். வேலை மிச்சம், பொருள் மிச்சம் என்று அவளுக்குப் பெருமைகூட. மழை உடனே பிடித்துக்கொண்டது. முதல் சந்தேகம் கண்டக்டருக்குத்தான் வந்தது. சமையலறை வாசலில் வழுக்கி விழுந்து எழுந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“இந்தாம்மா, இது போன வருச மழை.”

“மழையில என்னங்க போன வருசம், இந்த வருசம்?”

“இல்ல, போன வருசமும் இதே நாள்ல, இதே இடத்துலதான் விழுந்தேன். இதே பக்கம்தான் வலிச்சுது.”

அவர் சொன்னது சரி. போன வருடம் விழுந்த பல்லியே மறுபடியும் அதே குடத்தில் விழுந்தது. போன வருடம் கேட்ட கேள்விகளையே பொடிசு மறுபடியும் கேட்டாள். பனிக்காலம் மாட்டியபோது அவள் எழுத்துக்களை ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தாள். வெயில்காலம் மாட்டிய வாரத்தில் ஒரு நாள் காலை குதித்துக்கொண்டு ஓடிவந்து, “அம்மா, இங்க பாரு, என் பழைய பல்லு திரும்பி வந்துடுச்சு!” என்று சந்தோஷமாக வாயைத் திறந்து காட்டினாள். சின்னப் பால்பல், வரிசையாக, பத்திரமாக இருந்தது. புதுப்பல் இருந்த இடமே தெரியவில்லை. ஆறு மறுபடியும் ஐந்தாகிவிட்டது. மிச்சம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். தெருவில் யாரும் அதற்குமுன் அவள் அழுது பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக்கூட அவள் பழைய துணியைத்தான் தேடினாள் என்று இஸ்திரிக்காரர் பின்னாளில் கேலி செய்தார், ஆனால் அன்றைக்கு அவரும் இஸ்திரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அழுது முடித்தவள் எழுந்து பெட்டிகளைக் கவிழ்த்தாள். பழசு வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடலாம் என்று கண்டக்டர் கடைக்குப் போய் ஜிகினாத்தாளும் பிளாஸ்டிக் பூச்சரமும் ரெடிமேடாக வெட்டிய நட்சத்திரங்களும் வாங்கி வந்தார். மாட்டினார்கள். ஒரு பருவம் வரத்தான் செய்தது. ஆனால் அது பெரிய துணிக்கடைக்குள் அடிக்கிற குளிர்ச்சி மாதிரி ஒரே சீராக, வாசனையே இல்லாமல், யாருக்காகவும் வராதது போல் வந்தது. பொடிசுக்குத் தும்மல் வந்தது, நகம் மட்டும் கொஞ்சம் பளபளப்பானது, வேறு ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள். முதல் மழை ஏன் பலித்தது? அந்த வருடம் பிள்ளைகளுக்குச் சளி பிடித்து, இருமி, விழுங்கி முடித்த மாத்திரை அட்டைகள் அவை. அந்த வருடத்தை அந்த வீட்டார் உபயோகித்து முடித்ததில் எஞ்சியது. வருடம் செய்ய வேண்டுமானால் அந்த வருடத்தின் கழிவில்தான் செய்ய வேண்டும். செய்த பருவம் முடிந்ததும் அது வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். முதல் பாதி அவளுக்குக் கைவந்த கலை. இரண்டாவது பாதிதான் உயிர் போகிற காரியமாக இருந்தது.

போன வருடத்து நான்கு பருவங்களையும் ஒரு மூட்டையாகக் கட்டி அவள் வாசலில் வைத்தாள். குப்பை வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

“அம்மா, இது உங்களுதுதானே? தெரியாம வெளிய வெச்சுட்டீங்க போல. உங்க வீட்லேர்ந்து குப்பைன்னு ஒரு நாளும் வந்ததில்லையே, அதான் திருப்பிக் கொண்டாந்துட்டேன்.”

மனிதர் நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார். மூட்டை வாயைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து வெள்ளித்துளி ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு மழையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மிச்சத்துக்கு ஒரு நிமிடம் கை நீண்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “குப்பைதான், கொண்டு போங்க,” என்றாள். “நிஜமாவாம்மா?” என்றார் அவர். “கொண்டு போங்கன்னு சொல்றேன்ல!” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதன்பின் வருடங்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு பருவமும் புதிதாக வெட்டப்பட்டது, தொங்கவிடப்பட்டது, தீர்ந்ததும் வண்டியில் ஏறியது. தேய்ந்த செருப்பு வாரில் ஒரு காற்று, உடைந்த வளையலில் ஒரு வெயில், கிழிந்த கொசுவலையில் ஒரு பனி. தெருவுக்கே இது பழகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் காலி அட்டைகளைத் தருகிறேன் என்றார். நாங்கள் விழுங்காத மாத்திரை எங்களுக்கு உதவாது என்று மிச்சம் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் வெயிலடிப்பதால் அக்கம்பக்கத்தார் மீந்த பாலைக் கொண்டுவருவதை நிறுத்தி, ஈரத்துணியைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு பருவத்தை இறக்கி அடுத்ததை மாட்டுவதற்கு நடுவில் இரண்டொரு நாள் வீடு பழையபடி ஒன்றுமில்லாமல் நிற்கும். அந்த நாட்களில் அத்தை மறக்காமல் பெட்டியோடு விருந்தாளியாக வந்து தங்கினாள். பொடிசு இரண்டாம் வகுப்புக்குப் போனாள், மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அம்மை போட்டது, இறங்கியது. கூடப் படிக்கிறவர்கள் அவளைவிட்டுப் போகவில்லை, அவர்களோடேயே இவளும் போனாள். அவள் அம்மா மட்டும் ஒவ்வொரு பருவமும் மாட்டி முடித்தபின் பிள்ளையைக் கூப்பிட்டு, நகத்தைப் பார்த்து, பல்லைப் பார்த்து, கவுன் மடிப்பைப் பார்த்து, வளர்ந்திருக்கிறாள் என்று கண்ணால் கண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனாள். கவுன் பத்தாமல் போனது உறுதியான பின்பே அதில் கத்தரியை வைத்தாள்.

பொடிசு ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, காற்றுக்காலத்தை இறக்குவதற்காக ஸ்டூலில் ஏறிய மிச்சம், கடைசியாக அடித்த ஒரு காற்றில் நிலை தவறி விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், பொடிசுக்கு வருடாவருடம் ஐந்து வயது என்று சொன்ன அதே டாக்டர்தான், “கூடிடும், ஆனா பழைய மாதிரி அழுத்தம் வராது. கத்தரிக்கோலை எல்லாம் இனிமே மறந்துடுங்கம்மா,” என்றார். கம்பெனியில் அவளைக் கட்டிங்கிலிருந்து எடுத்து, சட்டைக்குப் பட்டன் சரிபார்க்கிற இடத்தில் போட்டார்கள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் கவலையெல்லாம் வெளியில் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது பற்றித்தான். காற்றை இறக்கியாயிற்று. மழையை யார் வெட்டுவது?

மழை தெருவில் இறங்கியது, வீட்டுக்குள் இறங்கவில்லை. மிச்சம் இடதுகையால் வெட்டிப் பார்த்தாள். கத்தரி துணியைக் கடித்ததே தவிர வெட்டவில்லை. கண்டக்டர் தன்னுடைய டிக்கெட் ஓட்டை போடும் கருவியால் பழைய காகிதங்களில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டு, அந்தப் பொட்டுகளை நூலில் ஒட்டித் தொங்கவிட்டார். காலையில் சாரல் அடித்தது, காப்பி குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. மூத்தவள் ஸ்கேல் வைத்து, காம்பஸ் வைத்து, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வைக்கலாம் போல ஒரு மழை செய்தாள். அது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் பெய்தது. அடுத்த அறைக்குப் போனால் நின்றுவிடும். மூன்று பேரும் முறைபோட்டு உட்கார்ந்து பார்த்துக்கூடப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வேலையும் பள்ளிக்கூடமும் இருந்தன, எத்தனை நாள் மழையை முறைத்துக்கொண்டிருக்க முடியும்? மிச்சம் தினமும் பொடிசின் விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். வெட்டிவிட்ட அன்று இருந்த அளவிலேயே நகம் நின்றது. முழுசாக எழும்பாத கடைவாய்ப்பல் ஒன்று பாதியில் நின்றது. பத்து வயதில் நின்றுவிட்டாள், இனி இப்படியே என்று மிச்சம் பயந்துபோனாள். தான் போன பிறகு, அக்காவுக்கு நரை விழுந்த பிறகு, இந்தப் பிள்ளை யார் வீட்டு வாசலில் பத்து வயதாக நிற்கும்?

“நானே பண்றேம்மா,” என்றாள் பொடிசு.

“நீ பண்ண வேண்டாம். விரலை வெட்டிக்குவே.”

“எனக்குத்தானே மழை? நான் பண்ணா என்ன?”

“உனக்குத்தான்டி, அதனாலதான் நான் பண்ணணும்,” என்று மிச்சம் அதட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. கட்டுப்போட்ட கையால் கத்தரியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொடிசு வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள். எல்லோரும் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் மிச்சம் கம்பெனியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, திரைச்சீலைக் கம்பியிலிருந்து நீலநிறத்தில் என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. சிலது துளி மாதிரி, சிலது வாழைப்பழம் மாதிரி, சிலது எந்த மாதிரியும் இல்லாமல். நூல் ஒன்று நீளம், ஒன்று கட்டை. எல்லாமே இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. தரையில் பொடிசு ஷிம்மியோடு உட்கார்ந்து கடைசித் துளிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நீலத்துணி கிடந்தது. அந்த மடிப்பை மிச்சத்துக்கு நன்றாகத் தெரியும். அவளே வைத்துத் தைத்தது.

“என்னடி இது?”

“மழை.”

“இது உன் யூனிஃபார்ம்டி!”

“ஆமா. நீலமா வீட்ல வேற எதுவும் இல்ல.”

“அய்யோ, பழசுல வெட்டக்கூடாதா? இது இன்னும் நைஞ்சுகூடப் போகலியே. நேத்திக்கு வரைக்கும் உனக்கு அளவா இருந்துதே. கச்சிதமா இருந்துதேடி!”

பொடிசு பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “வளந்துடுவேன்ல,” என்றாள்.

மிச்சம் அடிப்பதற்குத்தான் கையை ஓங்கினாள். மாவுக்கட்டுக் கை பாதிக்குமேல் எழும்பவில்லை. ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். இத்தனை வருடமாக அவள் வெட்டியதெல்லாம் முடிந்துபோனதை. கிழிந்ததை, தேய்ந்ததை, சிறுத்ததை. வளர்ந்தாள் என்று கண்ணால் பார்க்காமல் ஒரு கவுனில் அவள் கத்தரி வைத்ததில்லை. இந்தப் பெண் இன்னும் வளராத உடம்புக்காக, போட்டால் பொருந்துகிற துணியை நடுவில் வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடதுகையால் அந்தக் கடைசித் துளியை வாங்கி, “முடிச்சு இறுக்கமா இல்ல. இன்னொண்ணு போடு,” என்றாள்.

மழை உடனே வரவில்லை. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு யூனிஃபார்முக்கு என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தார், மனைவியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். மூத்தவள் நூல்களை ஒரே அளவாக வெட்டிச் சரிசெய்யட்டுமா என்று கேட்டாள். தொடாதே என்று அம்மாவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். விடிந்தபோது கூடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா வெட்டிய மழையைப் போல அது நேராகவும் சன்னமாகவும் இல்லை. இடது பக்கமாகச் சாய்ந்து, ஒரு துளி பெரிதும் ஒரு துளி சிறிதுமாக, தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கோணலாகப் பெய்தது. வாளியை எங்கே வைத்தாலும் பாதி வெளியில் விழுந்தது. யாரும் பார்க்காதபோதும் பெய்தது. அந்த மழைக்காலம் முடியும்வரை கட்டிலை வலதுபக்கச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் நடக்கும்போது குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க அத்தை உள்பட எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

பொடிசு கலர் கவுனில் பள்ளிக்கூடம் போனாள். வகுப்பு டீச்சர் அம்மாவை அழைத்துவரச் சொன்னார். மிச்சம் கட்டுப்போட்ட கையோடு போய் நின்றாள்.

“ஏம்மா, வருசத்துக்கு நடுவுல யூனிஃபார்ம் இல்லாம வர்றாளே, என்ன ஆச்சு?”

“பத்தாமப் போயிடுச்சு டீச்சர்,” என்றாள் மிச்சம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அது ஒரு வாரத்துக்குத்தான் பொய்யாக இருந்தது.